இன்னொரு வெஸ்லி ஹார்ஜு

வெஸ்லி ஹார்ஜுவுக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரியாதது என்று ஒன்றுமே கிடையாது. இதைச் சொன்னவர் வெஸ்லி ஹார்ஜு. ஆல்டர் ஃபால்ஸில் வேறு யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லுவதற்கு அவர் யாருக்கும் இடைவெளி விட்டதும் இல்லை.

முப்பத்தோரு வருஷம் கவுண்டியின், நம்ம ஊர்க் கணக்கில் மாவட்டத்தின், சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மிச்சிகனின் இந்த வடகோடியில் அது சாதாரண வேலை இல்லை. அக்டோபர் கடைசியில் விழ ஆரம்பிக்கும் பனி ஏப்ரல் வரைக்கும் நம்மை விடாது. அவர் லாரி வந்தால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், பால் வரும், பிணம்கூட இடுகாட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் கேக் வெட்டி, கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி ஜாய்ஸுக்குப் பாத்திரம் எப்படி அடுக்குவது, துணி எப்படி மடிப்பது, கார் எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். ஜாய்ஸ் மூன்று வாரம் பொறுத்தாள். நான்காவது வாரம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டாள். இன்னும் கழற்றவில்லை.

அதனால்தான் வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, காலை ஒன்பது மணிக்குக் கார்லீன் ட்ரெவாரோ கடைக் கதவைத் திறந்த கையோடு அவர் உள்ளே நுழைவார். அந்தக் கடையில் ஒரு பக்கம் துப்பாக்கி, தோட்டா. இன்னொரு பக்கம் தூண்டில், மண்புழு, மீன்குஞ்சு வாளிகள். நடுவில் கவுண்டர். கவுண்டரின் கடைசியில், காப்பி மெஷினை ஒட்டி, சிவப்பு ரெக்ஸின் போட்ட ஒரு ஸ்டூல். ரெக்ஸின் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். அது வெஸ்லியின் இடம். தெரியாத்தனமாக வெளியூர்க்காரர் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை இருமிக்கொண்டே இருப்பார். அந்த ஸ்டூலில் இல்லாதபோது அவர் ஓய்வு பெற்ற டிரைவர், அவ்வளவுதான். அதில் ஏறி உட்கார்ந்தால் ஊரே அவரை "வாத்தியாரே" என்று கூப்பிடும். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

கார்லீனுக்கு ஐம்பத்தைந்து வயது. புருஷன் கேரி இறந்த பிறகு தனியாகவே கடையை நடத்துகிறாள். கேரி இருந்த காலத்திலும் பழுது பார்க்கிற வேலையெல்லாம் அவள் கைதான். அவன் புழு விற்றான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவாள். வெஸ்லிக்கு அது மனதில் நிற்பதே இல்லை. ஒரு தடவை, அன்று காலையில் அவளே சரிசெய்து வைத்த விசையை, அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கே இருபது நிமிஷம் விளக்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்படியா வெஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருடைய தினசரிப் பிரசங்கத்தில் மூன்று பகுதி உண்டு. முதல் பகுதி, நகரத்துப் பெரிய கடைக்கு அர்ச்சனை.

"அங்க வாசல்லயே ஒரு கரடியைப் பஞ்சு அடைச்சு நிறுத்தி வெச்சிருக்கான். உள்ள போனா அருவி. அருவிக்குக் கீழ மீன். துப்பாக்கி எங்கடான்னு கேட்டா, டிக்கெட் எடுத்துட்டு வரிசைல நில்லுங்கறான். கவுண்டர்ல நிக்கறவன் போன வாரம்வரைக்கும் கூடாரம் வித்தவன்யா! அவன் எனக்கு ரைஃபிள் எடுத்துக் காட்டறான், குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி புடிச்சுக்கிட்டு!"

இரண்டாவது பகுதி, ஆன்லைன்.

"படத்தைப் பாத்து வாங்கற பொருளாய்யா இது? தோள்ல வெச்சுப் பாக்க வேணாமா? பார்சல்ல துப்பாக்கி வாங்கறவன் நாளைக்குப் பார்சல்ல பொண்டாட்டி வாங்குவான். சைஸ் சரியில்லன்னு திருப்பியும் அனுப்புவான்."

மூன்றாவது, கார்லீனின் கடை. "இங்க வா. கார்லீனைப் பாரு. உன் முகம் தெரியும், உன் தோள் அகலம் தெரியும். நாளைக்கு விசை மாட்டிக்கிச்சுன்னா எவன்கிட்ட போவே? கரடிகிட்டயா?" இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். இரண்டாவது காப்பியை ஊற்றிக்கொள்வார். காப்பி இலவசம்.

வெஸ்லியிடம் பதினான்கு துப்பாக்கிகள் இருந்தன. அதில் கார்லீனிடம் வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் அணில் சுடுகிற சின்னது, கேரி காலத்தில். இரண்டு ஆன்லைனில் வந்தவை. மற்ற பதினொன்றும் கரடி நிற்கிற கடையில், தள்ளுபடி நாளில், டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று வாங்கியவை. ஆனால் கடையில் சொல்லுகிற கதை வேறு. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு பண்ணை ஏலத்தில், பழைய பெட்டிக்கு அடியில், அதன் அருமை தெரியாத ஒரு விதவையிடமிருந்து எடுத்ததாகச் சொல்லுவார். அதற்காக அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. புதுத் துப்பாக்கியைக் கராஜுக்குக் கொண்டுபோய், அதன் மரக்கட்டையை உப்புத்தாளால் நாலு இடத்தில் தேய்ப்பார். கொஞ்சம் காப்பித் தூள் தண்ணீர் தடவுவார். பெல்ட் வளையத்தால் இரண்டு கீறல் போடுவார். ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பொருளைத் தன் கையாலேயே கெடுத்து, சனிக்கிழமை கடைக்கு எடுத்து வந்து, "முந்நூறுக்கு அடிச்சேன்" என்று கவுண்டரில் வைப்பார்.

துப்பாக்கியில் நம்பர் வெட்டியிருக்கும். எந்த வருஷம் செய்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கார்லீனுக்கு அது பார்த்தவுடன் தெரியும். பால் லாரி ஓட்டுகிற நார்ப் பெல்டோவுக்குத் தெரியும். புழு வாங்க வருகிற பாதிரியாருக்கே தெரியும். போன வருஷம் தொழிற்சாலையிலிருந்து வந்த ரைஃபிளை, கொரியச் சண்டைக்குப் போய் வந்த ஒருவருடையது என்று வெஸ்லி சொன்னபோது, எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆறு மாசம் குளிர்காலம் உள்ள ஊர். கிடைக்கிற பொழுதுபோக்கை யாரும் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். 2018-ஆம் வருஷம் செப்டம்பரில் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார், அதில்தான் வந்தது வினை.

பத்திரிகை ஒன்றில், அடியில் இருக்கிற பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ஒரு லீவர் ரைஃபிளின் படம் பார்த்துவிட்டார். வால்நட் கட்டை, பித்தளை பாகங்கள், பழைய அமைப்பு. பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் விரித்தார்.

"கார்லீன், இதை வரவழை. கண்ணை மூடிட்டு ரெண்டு போடு. நார்ப் ஒண்ணு எடுப்பான், நான் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"நிஜமாவா வெஸ்? வந்தப்புறம் யோசிக்கறேன்னு சொல்லக்கூடாது. ரெண்டு வரவழைச்சா என் கைக்காசு அதுல முடங்கிப்போகும்."

"நான் சொன்னா சொன்னதுதான். என் வார்த்தையை நம்ப மாட்டியா?"

அவள் நம்பினாள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஏலக் கதையெல்லாம் தெரிந்தும், இதை மட்டும் நம்பினாள். வீண் ஜம்பம் வேறு, வாக்கு வேறு என்று நினைத்திருப்பாள் போல.

அக்டோபரில் இரண்டும் வந்தன. நார்ப் அன்றைக்கே பணம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றதைக் கார்லீன் ஒரு சீட்டில் "வெஸ்" என்று எழுதிக் கட்டிக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டினாள். வெஸ்லி வாரம் மூன்று நாளும் அதை இறக்கச் சொல்லுவார். தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்ப்பார். லீவரைத் தள்ளி இழுத்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். "அடுத்த வாரம்" என்பார். சில சமயம் அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருப்பார். அங்கேதான் ஃபோனில் விலை பார்ப்பார்.

ஆன்லைனில் நூற்று நாற்பது டாலர் குறைவாக இருந்தது. அது மட்டும் என்றால்கூட மனசாட்சியோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியிருப்பார். கூடவே ஒரு தொப்பி இலவசம் என்று போட்டிருந்தான். அதோடு மனசாட்சி அடங்கிவிட்டது.

ஆன்லைனில் வாங்கினால் துப்பாக்கி செருப்பு மாதிரி வீட்டு வாசலுக்கு வராது. லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு வியாபாரிக்குத்தான் அனுப்புவார்கள். வாங்கியவர் அவரிடம் போய், அடையாள அட்டை காட்டி, படிவம் நிரப்பி, அவர் அரசாங்கத்துக்கு ஃபோன் போட்டுச் சரி என்று வந்த பிறகு, சின்னதாக ஒரு கட்டணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது எந்த உள்ளூர்க் கடைக்காரர் வயிற்றில் அடித்தோமோ, அவர் முன்னாலேயே போய்க் கை நீட்டி நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர் பெரிய குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

வெஸ்லி அதற்கும் வழி வைத்திருந்தார். பக்கத்துக் கவுண்டியில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் லைசென்ஸ் வாங்கி, சமையலறை மேசையிலேயே இந்த வேலையைச் செய்து வந்தார். எதையும் கேட்க மாட்டார். அவர் மனைவி பிஸ்கட்டும் கொடுப்பாள். முந்தைய இரண்டும் அந்த மேசை வழியாக வந்தவைதான். ஆர்டர் போடும்போது வெஸ்லி பல் டாக்டர் பெயரைத் தேர்ந்தெடுத்தார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது: நீங்கள் குறிப்பிட்ட வியாபாரி பெற்றுக்கொள்ள முடியாவிட்டால், உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ளவருக்கு அனுப்பலாமா? மூக்குக் கண்ணாடி காரில் இருந்தது. கழிப்பறைக் கதவை வேறு யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லி இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார்.

பல் டாக்டர் அந்த வருஷம் முழங்கால் வலி என்று சீக்கிரமே ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம், நீளமான அட்டைப் பெட்டி ஒன்று கார்லீனின் கடைக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்ததைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். திரும்பி, "வெஸ்" என்று சீட்டுக் கட்டித் தொங்குகிற ரைஃபிளைப் பார்த்தாள். கடையில் யாரும் இல்லை. போய் அந்தச் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தாள். அவளுக்கு அழுகை வந்தது. பணத்துக்காக இல்லை. எட்டு வருஷம் இலவசமாகக் காப்பி ஊற்றியிருக்கிறாள். அந்த ஆள் நேராக வந்து, "கார்லீன், அங்க மலிவா இருக்கு, நான் என்ன பண்ண?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி விலையைக் குறைத்திருப்பாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மான் வேட்டை பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே லீவு. கடையில் வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுக் கோட்டாக நெரிந்தது. நார்ப் கையில் சூடான பாஸ்டியோடு, அதற்குள் இருக்கிற மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சட்டையில் சிந்த, கவுண்டரில் சாய்ந்து நின்றான். வெஸ்லி ஸ்டூலில் கொலுவிருந்தார்.

புதுக் கோட்டுப் போட்ட ஒருவர் தோட்டா வாங்கிக்கொண்டிருந்தார். கார்லீன் குரலை உயர்த்தினாள். "வெஸ், இவரு ஆன்லைன்ல ரைஃபிள் வாங்கலாமான்னு யோசிக்கறாராம். நீயே ஒரு வார்த்தை சொல்லேன்."

அந்த மனுஷர் அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. ஆனால் வெஸ்லிக்கு அது போதும். ஆரம்பித்தார். கரடி வந்தது, கூடாரம் விற்றவன் வந்தான், பார்சல் பொண்டாட்டி வந்தாள். அன்றைக்குக் கூட்டம் பெரிது என்பதால் புதிதாக ஒரு பகுதியும் சேர்த்தார்.

"இன்னொரு ரகம் இருக்கு, அதான் ரொம்பக் கேவலம். கடைக்கு வந்து எடுத்துப் பாப்பான், தோள்ல வெப்பான், காப்பி குடிப்பான். வாங்கறதை மட்டும் வெளிய வாங்குவான். அவன் மூஞ்சியைக் கண்ணாடில எப்படிப் பாத்துக்கறானோ!"

"நல்லாச் சொன்னே வெஸ்," என்றாள் கார்லீன். குனிந்து, கவுண்டருக்குக் கீழிருந்து பெட்டியை எடுத்து மேலே வைத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேட்டை லைசென்ஸுக்குப் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் படித்தாள். "ட்ரெவாரோ கடை மூலமா. வாங்கியவர்: வெஸ்லி ஹார்ஜு."

நார்ப் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

ஒத்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான். "மாட்டிக்கிட்டேன்யா" என்று சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்கள், முடிந்திருக்கும். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"அது," என்றார் வெஸ்லி, "அது வேற வெஸ்லி ஹார்ஜு."

"வேற வெஸ்லியா?" என்றான் நார்ப்.

"இந்தப் பக்கம் ஹார்ஜுக்குப் பஞ்சமா? கல்லை விட்டா ஹார்ஜு மேலதான் விழும். லாங் லேக் பக்கம் ஒருத்தன் இருக்கான். எங்க தூரத்து உறவு."

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே வாத்தியாரே!"

"சொல்லிக்கற மாதிரி ஆளா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? அவன் ஒரு மாதிரிப்பா. பேச்சு ஒண்ணு, செய்யறது ஒண்ணு. ஓசித் தொப்பி குடுத்தா வீட்டையே எழுதிக் குடுத்துடுவான்."

கார்லீன் பெட்டியைத் திருப்பினாள். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறையில் ஒரு பச்சைத் தொப்பி ஒட்டியிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வெஸ்லியும் பார்த்தார்.

"ஃபோன் நம்பர் போட்டிருக்கே," என்றான் நார்ப், எட்டிப் பார்த்து. "கூப்புட்டுச் சொல்லிடலாமே கார்லீன்?"

வெஸ்லியின் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளேயே ஃபோனை அணைக்கப் பார்க்கிறார், பெரிய விரல், பொத்தான் அகப்படவில்லை. கார்லீன் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டை விரலால் நம்பரை மூடினாள்.

"வேணாம். வேலையா இருப்பாரு. அவரே வந்து வாங்கிக்கட்டும்." பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் திரும்பி, சீட்டுக் கட்டிய ரைஃபிளை இறக்கினாள். "அந்த வெஸ்லி எப்படியோ போகட்டும். நம்ம வெஸ்லி வாக்கு மாறாதவரு. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு வெஸ். இன்னிக்கு எடுத்துக்கறியா?"

ஆரஞ்சுக் கோட்டுகள் எல்லாம் அவரையே பார்த்தன. வெஸ்லி படிவத்தை நிரப்பினார். கார்லீன் அரசாங்கத்துக்கு ஃபோன் போட்டாள். இரண்டு நிமிஷத்தில், கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஜாய்ஸின் புது அடுப்புக்கு என்று ஒதுக்கியிருந்த பணம் முழு விலையாகப் போய்ச் சேர்ந்தது. நார்ப் கை தட்டினான், கூட்டமும் சேர்ந்து தட்டியது. வெஸ்லி ரைஃபிளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். அதே ரைஃபிள் இன்னொன்று, அவருடைய பணத்திலேயே வாங்கியது, இரண்டடி தள்ளிப் பெட்டியில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். கார்லீன் திறந்ததும் ஸ்டூல் பக்கம் போகவில்லை.

"கார்லீன், அந்த லாங் லேக் ஆள் நேத்து ஃபோன் பண்ணான். உடம்பு முடியலையாம். நீ வாங்கிட்டு வான்னு கெஞ்சறான். எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி, ஆனா சொந்தமாப் போயிட்டான்."

"அதுக்கென்ன," என்றாள் அவள். ஒரு படிவத்தை எடுத்து முன்னால் தள்ளினாள். பேனாவைத் திறந்து மேலே வைத்தாள். "இந்தக் கேள்விக்கு மட்டும் நீ முதல்ல பதில் எழுது."

துப்பாக்கி வாங்குகிற எல்லாருக்கும் மனப்பாடமான கேள்வி அது. இதை உண்மையில் வாங்குகிற நபர் நீங்கள்தானா? வேறொருவருக்காக வாங்குகிறீர்கள் என்றால் இதை உங்களிடம் தர முடியாது. பொய் சொன்னால் ஜெயில்.

"ஆமான்னு எழுதினா நீதான் அந்த வெஸ்லி," என்றாள் கார்லீன். குரலில் கோபமே இல்லை. "இல்லேன்னு எழுதினா நான் தர முடியாது. எது எழுதினாலும் இந்தப் பேப்பர் இருபது வருஷம் என் அலமாரியில இருக்கும். நான் வெளிய சொல்ல மாட்டேன். எழுது வெஸ்."

வெஸ்லி பேனாவை எடுத்தார். கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார். உண்மையைச் சொன்னால் ரைஃபிள் கிடைக்கும். கேட்பதற்கு அவளைத் தவிர யாரும் இல்லை. அவ்வளவு மலிவாக உண்மை யாருக்கும் கிடைக்காது. வெளியே நார்ப்பின் பால் லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வெஸ்லி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவனே வரட்டும்," என்றார்.

யாரும் வரவில்லை. வேட்டைக்காலம் முடிந்ததும் கார்லீன் பெட்டியைத் திருப்பி அனுப்பினாள். அனுப்பியவர்கள் போகவரச் செலவு, பிடித்தம் என்று ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வெஸ்லிக்குக் கொடுத்தார்கள். தொப்பியை மட்டும் திருப்பி வாங்க மாட்டோம் என்றார்கள். கார்லீன் அதைக் காப்பி மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். "லாங் லேக்காரர் வந்தா குடுக்கணும்" என்றாள்.

அங்கிருந்துதான் அந்த மனுஷன் வளர ஆரம்பித்தான். முதலில் நார்ப், "வேட்டை கடைசி நாள்ல உங்க சொந்தக்காரரைப் பாத்தேன் வாத்தியாரே. பத்து முனைக் கொம்பு மான் ஒண்ணு அடிச்சு வண்டில போட்டுட்டுப் போறாரு. ஒரு வார்த்தை பீத்திக்கல" என்றான். அடுத்த வாரம் பாதிரியார், அந்த வெஸ்லி சர்ச்சுக்கு ஒரு கதவு செய்து கொடுத்ததாகச் சொன்னார். பாதிரியாரே பொய் சொன்ன பிறகு ஊருக்கு என்ன தடை? லாங் லேக் வெஸ்லி ஐஸ் உடைந்து ஏரியில் விழுந்த நாயைக் காப்பாற்றினார். யாருக்கோ ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார். வெஸ்லி ஏதாவது விளக்க ஆரம்பித்தால், யாராவது ஒருவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "இதுல அவரு என்ன நினைக்கறாருன்னு தெரியணும்" என்பார்.

"அவனுக்கு என்ன தெரியும்?" என்று சீறுவார் வெஸ்லி.

"தெரியுதோ இல்லையோ, தெரியாததைப் பேச மாட்டாரு," என்பான் நார்ப்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வெஸ்லி உள்ளே வந்தபோது பச்சைத் தொப்பி ஸ்டூலின் மேல் இருந்தது. அதன் முன்னால் ஒரு கோப்பையில் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனார். "ஐயோ, எடுக்காத வெஸ். அவரு எந்த நேரமும் வரலாம்" என்றாள் கார்லீன். சுற்றியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார். மீன்குஞ்சு வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். அந்த வாளியிலிருந்து பேசினால் கவுண்டருக்கு மேலே தலை மட்டும்தான் தெரியும்.

ஐந்து வாரம் வாளியில் உட்கார்ந்தார். வராமலே இருந்திருக்கலாம் என்று கேட்பீர்கள். வீட்டில் ஜாய்ஸ் காதில் ஹெட்ஃபோனோடு, பழைய அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, நார்ப் அந்த வெஸ்லி கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டமாக இருக்கிறது என்று தொந்தரவு செய்யாமல் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெஸ்லி வாளியிலிருந்து எழுந்தார்.

"போதும்யா! அப்படி ஒருத்தன் கிடையாது. அது நான்தான். அந்தப் பெட்டி என்னோடது. நான்தான் ஆன்லைன்ல வாங்கினேன். நான்தான் கரடிக் கடையில வரிசைல நின்னேன். ஏலமும் கிடையாது, விதவையும் கிடையாது. எல்லாத்தையும் நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். போதுமா?"

வயசான மனுஷன், கண்ணில் தண்ணீர் நிற்க, கையை விரித்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து அந்தக் கடையில் வந்த முதல் உண்மை அதுதான். யாராவது தோளில் தட்டுவார்கள் என்று காத்திருந்தார்.

கார்லீன் அவரைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் இளகியதைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு காப்பிக் குடுவையை எடுத்து, தொப்பியின் முன்னால் இருந்த கோப்பையில் ஆறியதைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றினாள்.

"நவம்பர்ல இதைச் சொல்லியிருந்தா, நாலு திட்டுத் திட்டிட்டு இந்தக் காப்பியை உனக்கு ஊத்தியிருப்பேன் வெஸ்," என்றாள். "இப்ப வந்து அந்த நல்ல மனுஷன் பேரைக் கெடுக்காத. அவரு ஒரு நாளும் என்கிட்ட பொய் சொன்னதில்ல."

"ஆமாமா," என்றான் நார்ப். "அவரைப் போயி உன்னை மாதிரின்னு சொல்றியே."

வெஸ்லி மெல்ல வாளியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கடை மூடும்வரை அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கார்லீன் மூன்று துப்பாக்கி விற்றாள்.